பார்ட்டி இல்லாத பேஷன்ட்

கல்கத்தாவில் 'பார்ட்டி' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று தெரியாமலேயே நான் அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனேன். டீக்கடையில் பார்ட்டி என்றால் ஆளும் கட்சி. வேறு கட்சியைச் சொல்ல வேண்டுமானால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். துணிக்கடைக்காரருக்குப் பார்ட்டி என்றால் வாடிக்கையாளர். எங்கள் தணிக்கை அலுவலகத்திலோ, வெளியிடங்களுக்குக் கணக்குப் பார்க்கப் போகும் குழுவுக்குத்தான் பார்ட்டி என்று பெயர். "நாளைலேருந்து எங்க பார்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போகுது" என்று ஒருநாள் வீட்டில் சொன்னபோது, திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த என் மனைவி, "கொடி எல்லாம் பிடிச்சிக்கிட்டா?" என்று கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் வைத்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அது. டாலிகஞ்சில் கால்வாய்ப் பக்கமாக ஒரு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம். எனக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டவில்லை. தணிக்கை வேலைக்கென்றே பிறந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, இலை எத்தனை ஆள் எத்தனை என்று கண் தானாக ஓடும். பரிமாறுகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதையும் நான் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் எங்கள் பார்ட்டிக்குக் கிடைத்தது ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில், அலுவலகத்தை ஒட்டி, நல்ல மின்விசிறியுள்ள அறை ஒன்றை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் அங்கே உட்கார்ந்திருந்தோம். கேட்ட பைல்கள் எல்லாம் மேசைக்கே வந்தன. அறை வாசலிலிருந்து பார்த்தால் வார்டுகளுக்கு ஏறும் படிக்கட்டு தெரியும். அந்தப் படியில் ஒருநாள்கூட நான் ஏறவில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏறவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் அனுமதித்திருந்த கட்டில்கள் ஓர் எண்ணிக்கை. சமையல்கட்டிலிருந்து தினமும் வார்டுகளுக்குப் போன சாப்பாடு அதைவிட மிகவும் அதிகம். கட்டிலைவிடத் தட்டு எப்படிக் கூடும்? எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. அதற்கு முந்தைய வருடம் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், செத்துப்போனவர்கள் பேரில் சாப்பாடு போட்டதாகக் கணக்குக் காட்டிய ஒப்பந்தக்காரரைப் பிடித்திருந்தோம். இதுவும் அதே கதைதான் என்று முடிவு கட்டினேன். அனுமதிக்கப்பட்ட கட்டில்களுக்கு மேல் உணவு வழங்கியது விதிக்குப் புறம்பானது, அந்தச் செலவு வீண் என்று ஓர் ஆட்சேபம் எழுதினேன். இங்கிலீஷில் கச்சிதமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுதிய ஆட்சேபம். எங்கள் பார்ட்டிக்குத் தலைவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வங்காளி. அதைப் படித்துவிட்டு, "மத்ராஜி பாபு, உன் பேனாவுக்குப் பல் இருக்கு" என்றார். பேனாவுக்குப் பல் இருந்தால் அது யாரையாவது கடிக்கும் என்ற அறிவு எனக்கு அன்று இல்லை.

துர்கா பூஜை சமயத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. கல்கத்தாவில் அந்த வருடங்களில் மழை விட்டதும் மலேரியா வீடு வீடாகப் போகும். முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து ரசமும் மாத்திரையுமாக ஓட்டினோம். மூன்றாம் நாள் காலை அவளுக்குப் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து அவள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மத்திய அரசு ஊழியர்களுக்கென்று மருத்துவமனைகள் உண்டு. அதற்கான அட்டை எங்களுக்கு இன்னும் கைக்கு வரவில்லை, அலுவலக மேசை டிராயர் ஒன்றில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அலுவலகமோ பூஜை விடுமுறையில். மேல்வீட்டுக்காரர் டாக்சி பிடித்து வந்தார். தெருவுக்குத் தெரு பந்தல், டாக் மேளம், புதுச் சேலையில் கூட்டம். டாக்சி நகரவே இல்லை. "கிட்ட இருக்கிறது அதுதான்" என்று டிரைவர் திரும்பிய இடம், நான் கோடையில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்த அதே ஆஸ்பத்திரி.

எனக்கு முதலில் வந்தது அருவருப்புதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த இடத்தின் கணக்கு நாற்றத்தை முகர்ந்தவன் நான், இங்கேயா என் மனைவியைச் சேர்ப்பது என்று நினைத்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அது வந்தும் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் பார்த்த இளம் டாக்டர், உடனே படுக்க வைத்து மருந்து ஏற்ற வேண்டும், மலேரியா மூளைக்கு ஏறியிருக்கலாம் என்றார். பெண்கள் வார்டு மாடியில். ஸ்ட்ரெச்சரோடு அந்தப் படிக்கட்டில் அன்றுதான் முதல்முறையாக ஏறினேன். வாசலில் மேசை போட்டு வார்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எந்த நோயாளிக்கு எந்த இடம் என்று சொல்கிறவர் அவர்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர் தலையைத் தூக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கோன் பார்ட்டி?"

எந்தப் பார்ட்டி என்று கேட்கிறார். அங்கே நோயாளியோடு வரும் உறவுக்காரர்களுக்குப் பேஷன்ட் பார்ட்டி என்று பெயர். நீ யாருடைய ஆள், எந்த நோயாளியோடு வந்தவன் என்பதுதான் கேள்வி. எனக்கு அது தெரியாது. என் வங்காளமும் மளிகைக்கடையிலும் ஆபீஸிலும் கேட்டுப் பழகியதுதான். வருடம் முழுக்க எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் என்னைக் கேட்கிற கேள்வி அதுதான் என்பதால், பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆடிட் பார்ட்டி."

அவர் தலையைத் தூக்கினார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார். என் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "உட்காருங்க சார், உட்காருங்க" என்று தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். எதற்காக ஓடுகிறார் என்று எனக்கு அந்த நிமிடத்தில் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. அப்போதாவது "நான் வேலையா வரலை, என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, மத்தவங்க மாதிரிதான் நானும்" என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் ஒரு கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலில் வாய் தவறியது. பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். தவறு எது, குற்றம் எது என்று கணக்குக்காரனுக்குத் தெரியாதா?

ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மனைவியைத் தூக்கிக் கிடத்தும்போது மெத்தை சூடாக இருந்தது. அவள் காய்ச்சல் சூடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் அவளுக்கு நினைவு தெளிந்தது. மருந்து நல்ல மருந்து, நர்ஸ்கள் கெட்டிக்காரிகள். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். மற்றவர்களுக்கு மாலையில் மட்டும்தான் பார்க்க அனுமதி. ஆடிட் பார்ட்டிக்கு எந்நேரமும் கதவு திறந்தது. லேக் மார்க்கெட் பக்கத்து மெஸ்ஸில் குழைந்த சாதமும் மோரும் வாங்கிக்கொண்டு அதற்கு மறுநாள் மதியம் போனேன். அதுவரை அவள் முகத்தைத் தவிர எதையும் பார்க்காதவன் அன்றுதான் சுற்றிலும் பார்த்தேன். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இடையே, நடைபாதையில், கக்கூஸ் வாசல் வரைக்கும் பெண்கள் தரையில் படுத்திருந்தார்கள். கட்டிலில் இருந்தவர்களுக்குச் சமமாகத் தரையில் இருந்தார்கள். கையில் ஊசியும் மேலே தொங்கும் பாட்டிலுமாக, நோயாளிகள்தான் எல்லோரும். கோடையில் நான் கணக்கில் கண்டுபிடித்த கள்ளத் தட்டுகள் அத்தனையும் அங்கே உயிரோடு படுத்திருந்தன.

கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மனைவி மெல்லிய குரலில் சொன்னாள்: "இந்தப் பிள்ளையோட கட்டில்லதான் நான் கெடக்கேன் போலுக்கு."

கட்டிலுக்குக் கீழே, ஜன்னல் சுவரை ஒட்டி, பாயில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். சங்கு வளையல் முழங்கை வரை வழுக்கி ஏறும் அளவுக்கு மெலிந்த கை.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தலகாணிக்கு அடியில ஒரு சீப்பு இருந்துச்சு. எடுத்துக் காட்டுனேன். அவ வாங்கித் தலையில சொருகிக்கிட்டா. சிரிக்க வேற செய்தா."

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, "தாதா" என்றாள். வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். மனைவியை அவள் அதற்குள் அண்ணியாக்கியிருந்தாள். பௌதி, பௌதி என்று கூப்பிட்டாள். பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து தெற்கு லோக்கல் ரயிலில் போய், கடைசி ஸ்டேஷனுக்கும் அப்பால் படகில் போகிற ஊர் அவளுடையது. அவளுக்கும் மலேரியாதான், திரும்பத் திரும்ப வந்து உடம்பில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. புருஷன் சைக்கிள் வேன் இழுப்பவன், ஒருநாள் வேலையை விட்டால் வீட்டில் குழந்தைக்கு ஒன்றும் இல்லை, அதனால் சேர்த்துவிட்டுப் போய்விட்டான். அவளுக்கென்று வந்து நிற்க யாரும் இல்லை. நர்ஸ்கள் அவளைக் குறிப்பிடும்போது, பார்ட்டி இல்லாத பேஷன்ட் என்றுதான் சொன்னார்கள்.

சாப்பாடு வந்தது. மாஷி என்று எல்லோரும் கூப்பிடும் வார்டு ஆயா அலுமினிய வாளிகளோடு வந்தாள். கட்டில் நம்பரைச் சொல்லிச் சொல்லித் தட்டு வைத்தாள்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு துண்டு மீன். தரையில் இருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போனாள். மிதிக்காமல் தாண்டத் தெரிந்த கால்கள். கட்டில்காரர்களுக்குத் தட்டு விழும்போதெல்லாம் அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பசியை மறைக்கத் தெரிந்த முகம் அது, ஆனால் தொண்டை காட்டிக்கொடுத்தது. விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

என் மனைவி சைவம். மீன் வாசனைக்கே முகம் சுளிப்பவள். தன் தட்டை அப்படியே எடுத்துக் கீழே அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள். நேற்றும் அப்படித்தான் செய்தாளாம். பிறகு என்னிடம், "இவளுக்கு ஏன் சோறு வைக்க மாட்டேங்காவ? நோயாளிதான இவளும்? அந்த அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டேன். மாஷி வாளியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு பதில் சொன்னாள். முன்பெல்லாம் தரைக்கும் சாப்பாடு உண்டு, கோடைக்குப் பிறகு கட்டிலுக்கு மட்டும்தான், மேலே இருந்து உத்தரவு, அவள் என்ன செய்வாள், திட்டு மட்டும் அவளுக்கு.

நான் மனைவிக்கு மொழிபெயர்த்தேன். "இவங்களுக்கு வீட்லேருந்து வருமாம். அதான் வைக்கிறதில்லையாம்."

"அப்படியா சொன்னா?" மனைவி என்னையே பார்த்தாள். "நடுவுல ஆடிட்டுன்னு சொன்னாளே. ரெண்டு தடவ சொன்னா."

அந்த நீளமான வங்காளப் பேச்சில் அவளுக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான். எல்லா மொழியிலும் அது ஒரே சொல். தமிழில் அதற்கு இருக்கும் பெயரையே நாங்கள் வீட்டில் புழங்கியிருந்தால் அன்று தப்பித்திருப்பேன். தணிக்கை, தணிக்கை என்று எழுதுவோம். வாயில் வருவது ஆடிட்தான்.

"நீங்கதானா?" என்றாள்.

ஆபீஸ் நோட் மாதிரி ஆரம்பித்தேன். அனுமதித்த கட்டில் இவ்வளவு, ஒப்பந்தக்காரர்கள் திருடுகிறார்கள், அரசாங்கப் பணம் யார் வீட்டுச் சொத்து, ஒரு வரம்பு வேண்டாமா என்றேன். நான் முடித்ததும், "இங்க வந்து பாத்திட்டுத்தான எழுதினிய?" என்று கேட்டாள். நான் மெஸ் டப்பாவைத் திறந்து மோர்ச்சாதத்தைப் பிசைந்து கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டாள். கீழே அந்தப் பெண் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

பூஜை முடிந்து அலுவலகம் திறந்த அன்றைக்கே எங்கள் தலைவரிடம் போய், அந்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காரணம் என்ன எழுதுவே? என் பொண்டாட்டி படுத்திருந்தா, நான் பார்த்தேன்னா?"

"தரையில இருக்கிறவங்க நிஜமான நோயாளிங்க சார்."

"இருக்கட்டும். நீ கண்ணை மூடிட்டா, அடுத்த வருஷம் ஒப்பந்தக்காரன் இன்னும் நூறு தட்டு சேர்த்து எழுதுவான். அந்தச் சோறும் இவங்க வயித்துலேருந்துதானே போகும்? வரம்பு போட்டது தப்பில்லை. ஆனா ஒண்ணு, மத்ராஜி பாபு. எழுதறதுக்கு முன்னாடி நீ மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கணும். நானும் போயிருக்கணும். எனக்கு முழங்கால் வலி. உனக்கு என்ன?"

எனக்கு என்ன? ஒன்றுமில்லை. முழங்கால் இரண்டும் நன்றாக இருந்தன.

ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டண்டைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண் டாக்டர், பருத்திச் சேலை, மேசை மேல் ஆறிப்போன டீ. என் மனைவி அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஒரு யோசனையோடு போயிருந்தேன். இரண்டு பேருமாக மாடிக்குப் போய்த் தலைகளை எண்ணுவோம், இத்தனை பேர் நிஜமாக இருக்கிறார்கள் என்று நானே எழுதித் தருகிறேன், அதைக் காட்டிச் சாப்பாட்டைத் திரும்பக் கேளுங்கள் என்றேன். சொல்லும்போது எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க எழுதினது சரிதான்" என்றார். "உங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். என் நிலைமையைக் கொஞ்சம் கேளுங்க. கேட் வாசலுக்கு வர்ற யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. உள்ளே வந்தவங்களுக்கு மருந்து, ஊசி, கவனிப்பு சரியா இருக்கணும். கொடுத்த பணம் மார்ச் வரைக்கும் வரணும். எனக்கு இருக்கிறது ரெண்டு கை. ஏதாவது ஒண்ணு வருஷா வருஷம் கீழே விழும். போன வருஷம் எக்ஸ்ரே பிலிம். இந்த வருஷம் சோறு."

"அதான் நான் எழுதித் தரேன்னு..."

"இத்தனை பேர் தரையில இருக்காங்கன்னு நீங்க எழுதினா மேலே என்ன கேப்பாங்க தெரியுமா? அனுமதிச்சதுக்கு மேல ஏன் சேர்த்தேன்னு கேப்பாங்க. கேட்டைச் சாத்தச் சொல்லுவாங்க. இப்போ அவங்களுக்குச் சோறு இல்லை, மருந்தாவது இருக்கு." ஆறின டீயை ஒரு வாய் குடித்தார். "உங்களுக்கு உதவணும்னு இருந்தா, தயவுசெய்து இனிமே எதுவும் எழுதாதீங்க."

எழுதுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. எழுந்து வந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை, உடம்பு கூசியது.

மனைவிக்கு டிஸ்சார்ஜ் என்று சொன்ன நாள் காலையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்தக் கட்டில அவளுக்கே திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. கட்டில் கெடைச்சா சோறும் கெடைக்கும்லா."

அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். ஒரு மாதம் உட்கார்ந்து நான் போட்ட கணக்கின் மறுபாதியை, ஆறு நாள் கட்டிலில் கிடந்தவள் போட்டுவிட்டாள். வார்டு மாஸ்டரிடம் போனேன். இந்த முறை தெரிந்தே, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆடிட் என்று ஆரம்பித்தேன். அவர் மிகவும் பணிவாகக் கையைப் பிசைந்தார்.

"சார், அது காலையிலேயே பேசி முடிஞ்சுபோச்சு. பார்ட்டிலேருந்து சொல்லிட்டாங்க."

"எந்தப் பார்ட்டி?"

"பார்ட்டி சார்" என்றார். அந்த ஊரில் வெறுமனே பார்ட்டி என்றால் ஆளும் கட்சி ஒன்றுதான் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வராந்தாவில் ஒரு அம்மாள் தன் தலையணையோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் உடம்பு சரியில்லைதான். ஆஸ்பத்திரிக்கு யார் விளையாட வருகிறார்கள்? நான் எந்த வழியில் அந்தக் கட்டிலைப் பிடித்தேனோ அதே வழியில் அவரும் பிடித்திருந்தார். நான் எந்த வாயால் சண்டை போடுவது?

மனைவி தன் பிளாஸ்க்கையும் போர்வையையும் அந்தப் பெண்ணிடம் விட்டாள். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஆகிவிடும். மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். வங்காளிகளும் கிளம்பும்போது வருகிறேன் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அவர்களுக்கு ஆஸ்பத்திரி விலக்கெல்லாம் இல்லை போலிருக்கிறது. சொல்லாமல் போகிறாளே என்று அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தாதா, உங்களைப் பார்த்தா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. தரையில இருக்கிறவங்களுக்கும் ரெண்டு வாய் சோறு வைக்கச் சொல்லுங்க. மீன் வேண்டாம். சோறு போதும்."

"சொல்றேன்" என்றேன்.

அவள் என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்ததில் மருந்து பாட்டில் தாங்கியில் இடித்துக்கொண்டேன். நகர்ந்திருக்காவிட்டால் அவள் தொட்டிருப்பாள், அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்ன சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். தினமும் மதியம் ஒரு தட்டுச் சோறு அந்த வார்டுக்கு, ஜன்னலோரம் தரையில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று பேசினேன். கடைக்காரர் சம்மதித்தார். பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு சொல்லிவிட்டு வரலாம் என்று மாடிக்கு ஏறினேன். சுவரோரம் வேறொரு பெண் படுத்திருந்தாள். எங்கள் போர்வையும் இல்லை, பிளாஸ்க்கும் இல்லை.

மாஷிதான் சொன்னாள். நேற்று மாலை புருஷன் வந்திருக்கிறான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர அவள் எதையும் குடிக்கவில்லை என்று தெரிந்திருக்கிறது. ரத்தம் ஏற்றுவது பாதியில் நிற்கிறது, இப்போது கூட்டிக்கொண்டு போகாதே என்று நர்ஸ் மன்றாடியிருக்கிறார். மருந்து இங்கே கொடுப்பீர்கள், சோறு யார் கொடுப்பது, வீட்டுக்கு வந்தால் கஞ்சியாவது குடிப்பாள் என்றிருக்கிறான். ரிஸ்க் பாண்டு என்பார்கள் அங்கே, எது நடந்தாலும் பொறுப்பு எங்களுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அதற்கு அவன் கட்டைவிரல் வைத்துவிட்டு, அவளைத் தோளில் சாய்த்து, பாலிகஞ்சில் ரயில் பிடிக்கப் போய்விட்டான். எந்த ஊர் என்று சரியாக யாருக்கும் தெரியவில்லை. படகில் போகிற ஊர் என்றுதான் சொன்னார்கள். அவள் பிழைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிழைத்திருப்பாள் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதில் வைத்திருந்தேன்: எங்கள் தலைவர் சொன்னது, அந்த டாக்டரம்மா சொன்னது எல்லாம். அவள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் காலத்துல அங்க கணக்குப் பாத்தியள்லா. அந்த மாசம் முழுக்க மத்தியானத்துக்கு டப்பா கட்ட வேண்டாம்னு சொன்னிய. எங்க சாப்பிட்டிய?"

"அங்கதான். ஆஸ்பத்திரிச் சமையல்ல இருந்து கொண்டாந்து குடுத்தாவ. எனக்கு மீன் ஆகாதுன்னு தனியா கத்தரிக்கா பொரிச்சு வச்சாவ."

"எத்தன பேரு?"

"நாலு பேரு. எங்க பார்ட்டி மொத்தமும்."

"நாலு பேருக்கும் கட்டில் போட்டிருந்தாவளா?" என்றாள்.